குளத்துச் செடியெல்லாம் குப்பை இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர்க் குளத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பொக்லைனை இறக்கி, தாமரை, நாணல் மாதிரி உயர்ந்து நிற்கிற சம்பு, கோரை எல்லாவற்றையும் ஒட்ட வழித்துக் கரையில் குவித்துவிட்டு, 'குளம் சுத்தம்' என்று படமும் போட்டாயிற்று. கீழே அத்தனை பாராட்டு. எனக்கு மனசே ஆறவில்லை.

இது ஆடி மாதம். மிதக்கிற இலைமேல் நடந்து திரிகிற இலைக்கோழி என்ற நீர்ப்பறவை அடைகாக்கிற நேரம். அது மரத்தில் கூடு கட்டாது. மிதக்கிற இலைமேல் கொஞ்சம் பாசியும் தண்டும் சேர்த்து, அதில்தான் நான்கு முட்டை இடும். இட்டதும் பெட்டை வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் சேவல்தான். அன்று சாயங்காலம் அந்தக் குவியலுக்கு மேலே ஒரு சேவல் கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. செடியை வழித்தால் கூட்டையும் சேர்த்துத்தான் வழிக்கிறோம்.

'அப்போ ஆகாயத்தாமரையை எடுக்கக் கூடாதா?' அது குளத்தையே மூடுகிற களை, தாராளமாக எடுங்கள், நானும் இறங்கி இழுக்கிறேன். அதையும் சம்பையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

'விவசாயத்துக்குத் தண்ணீர் வேண்டாமா?' தயவுசெய்து என்னிடம் இதைக் கேட்காதீர்கள். எங்கப்பா இதே மடைத் தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லும் விளைவித்தவர். நீலக்கோழி நாற்றை மிதிக்கிறது என்று வரப்பில் நின்று திட்டுவார், ஆனால் அது கூடு வைக்கிற சம்பில் கை வைத்ததில்லை. அப்போதும் தூர்வாரினார்கள், கோடையில், குளம் வற்றிய பிறகு.

'பறவைதானே, வேற குளத்துக்குப் போகும்.' முட்டை எப்படிப் போகும்? வேற குளம்தான் எங்கே இருக்கிறது? நான்குவழிச் சாலைக்கும் பிளாட்டுக்கும் குளங்களில் மண்ணடித்ததை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்? 2022-ல் நம்ம குமரி மாவட்டத்துச் சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது 'நம்ம மாவட்டம்' என்று பெருமையாகப் பகிர்ந்தவர்கள்தான் இப்போது பொக்லைனுக்குக் கைதட்டுகிறார்கள். ஐப்பசிக்கு மேல் வடக்கேயிருந்து நீலச்சிறகி வாத்துகள் வரும். ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஒதுங்க அதற்கும் மறைவு வேண்டும். வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

'உனக்கு வேற வேலை இல்லையா மக்கா' என்று கேட்டவன் என்னோடு அதே குளத்தில் நீச்சல் படித்தவன். அதுதான் ரொம்ப வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் வண்டி வருகிறதாம். மேற்குக் கரையில் இன்னும் சம்பு நிற்கிறது. பங்குனி வரைக்கும் அதைத் தொடாதீர்கள். யாரிடம் மனு கொடுக்க வேண்டுமானாலும் நான் வருகிறேன், கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.