குற்றத்தை ஆராய்ந்தவர்களுக்கு வேலூரில் ஒரு மேடை வேண்டும்

ஒரு கொலை நடந்தால் போதும், கொன்றவனின் பெயர், ஊர், அவன் ஓட்டிய வண்டி வரை வாரக்கணக்கில் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. குற்றம் ஏன் நடக்கிறது, பறிகொடுத்தவர் அதற்குப் பிறகு என்ன ஆகிறார், தண்டனை முடிந்து வருபவன் எப்படித் திருந்துகிறான் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஒருவரின் பெயரை வேலூரில் எத்தனை பேர் சொல்வார்கள்? மத்தியச் சிறை இருக்கும் ஊரிலிருந்து கேட்கிறேன். தொரப்பாடிச் சிறை 1830-இல் கட்டப்பட்டது. ராஜாஜியும் காமராஜரும் அடைபட்டிருந்த இடம். அதே தொரப்பாடியில், தென் மாநிலச் சிறை அதிகாரிகள் வந்து பயிற்சி பெறும் நிறுவனம் 1979 முதல் இயங்குகிறது. அந்த வழியாகப் போய்வருகிறவர்களில் பலருக்கு அது என்ன கட்டடம் என்றே தெரியாது.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் குற்றவியலுக்கென்றே ஒரு பன்னாட்டுப் பரிசு 2006 முதல் வழங்கப்படுகிறது. முதல் ஆண்டில் அதைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஜான் பிரெய்த்வெய்ட். தவறு செய்தவனை ஊரே ஒதுக்கி இழிவுபடுத்தினால் அவன் குற்றத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகிறான், செயலைக் கண்டித்துவிட்டு ஆளைச் சேர்த்துக்கொண்டால் மீள வழியுண்டு என்று வாதிட்டவர். சிறை வாசலில் விடுதலையானவர்கள் பையோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சாகத் தெரியவில்லை.

2012-இல் அந்தப் பரிசைப் பெற்றவர் நெதர்லாந்தின் ஜான் வான் டைக். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அத்தையின் சங்கிலியைப் பட்டப்பகலில் பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில், தொலைந்துவிட்டது என்று எழுதித் தரச் சொன்னார்கள். அத்தையும் அலைய முடியாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அரசுக் கணக்கில் அன்று வழிப்பறி எதுவும் நடக்கவில்லை! இப்படி ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவோ விடுபட்டுப் போகும்போது, காவல்துறைப் பதிவேட்டை மட்டும் வைத்து எந்த நாட்டில் குற்றம் அதிகம் என்று எப்படிச் சொல்வது? மக்களிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று 1989-இல் பல நாடுகளில் ஒரே கேள்வித்தாளோடு கணக்கெடுப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வான் டைக். பின்னர் பம்பாயிலும் அந்தக் கணக்கெடுப்பு நடந்தது. என் அத்தையைப் போன்றவர்களின் இழப்பு ஓர் ஏட்டில் ஏறியது இத்தகையவர்களால்தான். இதற்கு ஒரு பரிசு போதாது.

ஆனால் அந்தப் பரிசுப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு வருத்தமும் உண்டு. பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. 2009-இல் அர்ஜென்டினாவின் ஸஃபரோனி பகிர்ந்துகொண்டது அரிதான ஒன்று. நம் பக்கத்தில் ஆள் இல்லையா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையை வளர்த்தெடுத்த கே. சொக்கலிங்கம், 1992-இல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைப் பற்றிய ஆய்வுச் சங்கம் இந்தியாவில் உருவாக முன்னின்றவர். ஜப்பான் வரை சென்று கற்பித்தவர். வழக்கில் வெறும் சாட்சியாக நிற்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உரிமை உண்டு என்று அவரைப் போன்றவர்கள் ஓயாமல் பேசினார்கள். இன்று பாதிக்கப்பட்ட குடும்பம் இழப்பீடு கேட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். ஒவ்வொரு மாநிலமும் அதற்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2009 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது.

திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இருந்த கே. ஜெய்சங்கர், இணையக் குற்றங்களை ஆராய்வதற்கென்றே ஒரு பன்னாட்டு ஆய்விதழை 2007-இல் தொடங்கினார். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓய்வூதியத்தை உறிஞ்சும் இந்தக் காலத்தில் அதன் அருமை தெரிகிறது.

உரிய நேரத்தில் மதிக்காவிட்டால் பெயர் இன்னொருவருக்குப் போய்விடும். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது, ரேகைத் தாள்களை அலமாரியின் 1,024 சிறு தட்டறைகளில் வகைப்படுத்தும் கணக்கை உருவாக்க உழைத்தவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகள். உலகம் அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அழைத்தது. வெகு காலத்துக்குப் பிறகு பிரிட்டனின் கைரேகைச் சங்கம் அந்த இருவர் பெயரில் ஓர் ஆய்வுப் பரிசு அறிவித்தது. அதையும் நாம் செய்யவில்லை.

மருத்துவத்துக்கு உழைத்தவரை மதிக்க இந்த ஊருக்குத் தெரியும். ஐடா ஸ்கடர் பெயரில் சாலையே இருக்கிறது. குற்றவியல் அறிஞர்களுக்குச் சாலை கேட்கவில்லை. திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் அரசு சட்டக் கல்லூரியும் தொரப்பாடிப் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருவரை அழைத்து, விருது கொடுத்து, தமிழில் பேச வைக்கலாம். வெளிநாட்டவர் என்றால் உரையைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். சிறைக் காவலர்களும் வழக்கறிஞர்களும் முன்வரிசையில் இருக்கட்டும். சங்கிலியைப் பறிகொடுத்தவர்களுக்கும் அழைப்பு போகட்டும், கேள்வி கேட்கும் முதல் உரிமை அவர்களுக்கே. இந்த மூன்று இடங்களிலும் பணிபுரியும் நண்பர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஓடியாடி வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன்.