கேட்டுட்டு கோத்து விடுங்க

அந்த அறிமுக மெயில் விஷயத்துல என்னைத் தலைக்கனம் பிடிச்சவன்னு எழுதினவங்க இதையும் படிச்சிடுங்க. ரொம்ப வருஷமா பழகின ஒருத்தர், எனக்கு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரையும் என்னையும் ஒரே மெயில்ல போட்டு, சப்ஜெக்ட்ல வெறும் "அறிமுகம்", உள்ள "இவர் கண்டிப்பா ஹெல்ப் பண்ணுவார், ரெண்டு பேரும் பேசிக்கோங்க". அவ்ளோதான். அவர் யாரு, என்கிட்ட என்ன வேணும், ஒண்ணும் இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மறுநாளே அந்தப் பக்கத்துலேர்ந்து "எப்ப கால் பண்ணலாம்?". இப்போதைக்கு முடியாதுங்கன்னு மரியாதையாத்தான் பதில் போட்டேன், அதை அறிமுகம் பண்ணவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டுட்டார், அதுக்குத்தான் இவ்ளோ பேச்சு.

உதவி பண்ணாதீங்கன்னு சொல்லல. கேட்டுட்டு பண்ணுங்கன்னு சொல்றேன்.

நான் தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒரு சீனியர்கிட்ட அறிமுகம் கேட்டேன். "நீ யாரு, என்ன பண்ற, அவங்ககிட்ட எதுக்குப் பேசணும், நாலு வரியில அனுப்பு, அதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணி இஷ்டமான்னு கேக்குறேன்"னார். அவங்க இப்ப வேணாம்னுட்டாங்க, சீனியர் என்கிட்ட தனியா சொன்னார், யார் முன்னாடியும் எனக்கு மூஞ்சி சுருங்கல. அப்புறம் வேற ஒருத்தர் சரின்னதும்தான் ரெண்டு பேரையும் ஒரே மெயில்ல சேத்தார். நானும் நன்றி சொல்லி சீனியரை பிசிசில (அந்த ஒரு மெயிலோட காப்பி மட்டும் போகும், அடுத்தடுத்த பதில் போகாது) போட்டுட்டேன், அதுக்கப்புறம் நாங்க தேதி குறிக்கிற மெயில் எதுவும் அவர் இன்பாக்ஸ்ல போய் விழல. இதுல என்னங்க கஷ்டம்?

"ஒரு மெயில்தானே, டெலீட் பண்ணிட்டுப் போ"ன்றாங்க. எப்படிப் போறது? அறிமுகம் பண்ணவர் பாத்துக்கிட்டே இருக்கார். பதில் போடலன்னா திமிர், முடியாதுன்னா தலைக்கனம், சரின்னா என் வேலை போச்சு. கேக்காம அனுப்புறவங்களுக்கு இந்த அவஸ்தையெல்லாம் கிடையாது. இது பழைய வியாதிதான், 1978லயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்ல சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மெயிலைத் தட்டி விட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்.

"அனுமதி கேட்டா யாரும் தர மாட்டாங்க, புதுசா வர்றவன் என்ன பண்ணுவான்"னு ஒருத்தர் கேட்டார். இதுல நியாயம் இருக்கு. அப்ப அவரே நேரா எழுதட்டும், முதல் வரியில யாருன்னு, அடுத்த வரியில என்ன வேணும்னு. நேரா வர்ற அந்த மாதிரி மெயிலை நான் படிக்கிறேன், முடிஞ்சா உதவியும் பண்றேன்.

அறிமுகம் பண்ணவர் இத்தனை வருஷப் பழக்கத்துல ஒரு போன் பண்ணி ஏன் முடியாதுன்னு கேட்டிருக்கலாம். கேக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டதுதான் வலிக்குது. போட்டதைத் தூக்கச் சொல்லல. அதுல என் மெயில் ஐடி அப்படியே தெரியுது, யார் யாரோ எழுத ஆரம்பிச்சிட்டாங்க, அதையாவது மறைச்சிடுங்க.