இயர்புக் டீம்ல சேர்ந்தது என் தப்புதான்

ஃபைனல் இயர்ல சும்மா கிடந்திருக்கலாம், "உனக்குதான் டிசைன்லாம் நல்லா வருமே"ன்னு மேம் சொன்ன ஒரு வார்த்தைல மயங்கி இயர்புக் டீம்ல போய் மாட்டிக்கிட்டேன்.

வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா கம்ப்ரஸ் ஆயிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்கடான்னு குரூப்ல எத்தனை தடவதான் கத்துறது? 300 டிபிஐ-ல, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்குல பிரிண்ட் போடணும்னா ரெண்டு இன்ச் படத்துக்கே 600 பிக்சல் அகலம் வேணும், இவனுங்க வாட்ஸ்அப் டிபி படத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புறானுங்க, மேல சார்ஜ் 12%னு தெரியுது. இன்னொருத்தன் அவன் அக்கா கல்யாண போட்டோ அனுப்பிருக்கான், தோள்ல யாரோ போட்ட கை, அதுல கை நிறைய வளையல். எப்படி கிராப் பண்ணாலும் அந்த வளையல் போக மாட்டேங்குது.

தமிழ் பக்கம் தனி கூத்து. கவிதையெல்லாம் பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணி வந்துச்சு, அந்த ஃபான்ட் இல்லாத லேப்டாப்ல ஓபன் பண்ணா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா கொட்டிக் கிடக்கு, கன்வெர்ட் பண்ணி ஒவ்வொரு ஒற்றா தேடி திருத்தவே ரெண்டு ராத்திரி போச்சு.

ஒருவழியா 62 பக்கம் முடிச்சு கொண்டுபோனா பிரஸ் அண்ணன், "நடுவுல பின் அடிக்கிற புக்குன்னா பக்கம் நாலு நாலாதான் வரும் தம்பி, 60 இல்ல 64"ங்குறாரு. அப்புறம் என்ன, பிரின்சிபால் படத்த முழுப் பக்கமா இழுத்து, கடைசில 'நினைவுகள்'னு ஒரு காலிப் பக்கமும் விட்டோம்.

புக் வந்த அன்னிக்கு மொத ஆளா ஒருத்தன் வந்து கேக்குறான், "என் போட்டோ மட்டும் ஏன் மச்சி மங்கலா இருக்கு?"

அதே 12% பயதான்.