ஜோடி ஜோடியாக மீன் வாங்காதீர்கள்

வண்ணமீன் கடைக்குள் நுழைந்ததும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "ஜோடி எவ்வளவு?" கடைக்காரரும் ஜோடிக் கணக்கில்தான் விலை சொல்வார். மாலி ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, கோல்டு ஃபிஷ் ஒரு ஜோடி. இப்படி ஆறேழு ஜோடியைப் பொறுக்கி, ஆக்சிஜன் அடைத்த கவரில் கொண்டுவந்து ஒரே தொட்டியில் விடுகிறோம். ஒரு மாதத்துக்குள் பாதி செத்துப்போகும். "நமக்கு மீன் ராசியில்லை" என்று தொட்டி மொட்டைமாடிக்கு ஏறிவிடும்.

ராசிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல வகை மீன்களை ஒரே தொட்டியில் நன்றாகவே வளர்க்கலாம். அதைக் கெடுப்பது இந்த ஜோடிக் கணக்குதான். ஐந்து வருடமாக மீன் வளர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

என் மகளின் பிறந்தநாளுக்காகச் சென்னை கொளத்தூரில் ஒரு கடையில் இரண்டடித் தொட்டி வாங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். அதில் கோல்டு ஃபிஷ் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, டைகர் பார்ப் இரண்டு, நியான் டெட்ரா நான்கு, "அழுக்கைத் தின்றுவிடும்" என்று, வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் இரண்டு. "எல்லாம் ஒத்துப்போகும் சார்" என்றார் கடைக்காரர். அன்று மாலையே தண்ணீர் ஊற்றி, அன்று மாலையே மீன்களையும் விட்டாகிவிட்டது.

நான்காம் நாள் காலையில் மகள் கூப்பிட்டாள். "அப்பா, ஏஞ்சலுக்கு மீசையைக் காணோம்." ஏஞ்சல் மீனுக்கு வயிற்றுக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு துடுப்புகள் தொங்கும். அதைத்தான் அவள் மீசை என்பாள். உட்கார்ந்து பார்த்தேன். டைகர் பார்ப் ஒன்று கற்களை மேய்வதுபோல அடியிலேயே வருகிறது. ஏஞ்சலுக்கு நேர் கீழே வந்ததும் சட்டென்று மேலே பாய்ந்து ஒரு கடி, உடனே ஓட்டம். ஏஞ்சல் திரும்புவதற்குள் அது எதிர்மூலையில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஏழு தடவை. பிறகு ஏஞ்சல் இரண்டும் ஃபில்டருக்குப் பின்னால் போய், தலை கீழாகச் சாய்ந்தபடி நின்றுகொண்டன. தீனி போட்டாலும் வெளியே வரவில்லை.

டைகர் பார்ப் கெட்ட மீன் இல்லை. சுமத்ரா, போர்னியோ பக்கத்து ஓடைகளில் கூட்டமாகத் திரியும் மீன் அது. கூட்டத்துக்குள் யார் பெரியவன் என்ற சண்டை ஓயாது. எட்டுப் பத்து இருந்தால் துரத்தல், கடி, முறைப்பு எல்லாம் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டே இரண்டை வைத்தால் அந்த வேகம் முழுக்கப் பக்கத்தில் இருப்பவன் மேல் போகும். அந்தப் பக்கத்து ஆள் நீளத் துடுப்போடு மெதுவாக நீந்துகிற ஏஞ்சலாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது என் வீட்டு அனுபவம் மட்டும் இல்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் நியான் டெட்ரா, ஒயிட் கிளவுட், டைகர் பார்ப், ஏஞ்சல் ஆகிய நான்கையும் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்ற எண்ணிக்கைகளில் வைத்துப் பார்த்தார்கள். கூட்டம் பெரிதாக இருந்தபோது சேர்ந்து நீந்துவது கூடியது. சிறு கூட்டங்களில் பதற்றமும் சண்டையும் அதிகம். ஆக, நாம் ஆசையாக வாங்குகிற அந்த "ஜோடி", மீனுக்குத் தனிமையைவிடக் கொஞ்சமே மேல்.

உண்மையிலேயே ஆண், பெண் என்று ஜோடி அமைந்துவிட்டால் அது வேறு தொல்லை. கப்பியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வைத்தால் ஆண் நாள் முழுக்கத் துரத்தித் துரத்திப் பெண்ணை ஓய்த்துவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்ணாவது வேண்டும். ஏஞ்சல் ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் பாதித் தொட்டி அவர்களுக்கு, மற்ற மீன்களெல்லாம் மிச்ச மூலையில். ஃபைட்டர் மீனில் ஆண்கள் இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும்.

சரி, என் தொட்டிக்கு வருகிறேன். ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன், செல்போன் வெளிச்சத்தில் தொட்டியைப் பார்த்தேன். சக்கர் மீன் கண்ணாடியில் இல்லை. கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் அந்த இடத்தில் செதில் போய் வட்டமாக வெளுத்திருந்தது. மெதுவான, உருண்ட உடம்புக்காரர்களின் மேல்தோல் கொழகொழப்பை உறிஞ்சுவது இந்தச் சக்கருக்குப் பழக்கம். அழுக்கைச் சுத்தம் செய்யும் என்பதே தவறு. அது பாசியைத் தின்னும், ஆனால் தின்பதற்கு ஏற்றபடி கழிவும் போடும். இரண்டு அங்குலத்தில் வாங்கும் குட்டி, வளர்ந்தால் ஒன்றரை அடி வரும்.

அப்புறம் அதைத் தொட்டியில் வைக்க முடியாமல் பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது. உடம்பெல்லாம் கவசம், முள் துடுப்பு. நம் ஏரிகளில் அதைப் பிடித்துத் தின்ன ஆள் குறைவு. இன்று மீனவர் வலைகளில் கெண்டைக்குப் பதிலாக அது ஏறுகிறது, வலையையும் கிழிக்கிறது. முட்டையிடக் கரையைக் குடைகிறது. வளர்க்க முடியவில்லை என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கோல்டு ஃபிஷ் இரண்டும் மூன்றாம் வாரம் செத்தன. அதற்கு முன்பே மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தன. காரணம் அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்கும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு மீனை விட்டால் அவை தம் கழிவிலேயே வேகின்றன. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், விஷமும் இருக்கும். அழுக்காகத் தெரிகிறதே என்று ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினேன். குளோரின் பட்டு, இருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் போயிற்று. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு மீன்களுக்காக இன்னும் வருந்துகிறேன். ஒழுங்காக வைத்திருந்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்து, ஒரு சாண் நீளம் வளர்ந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் மீனான கோல்டு ஃபிஷ்ஷை, 27 டிகிரி வெதுவெதுப்பு கேட்கும் ஏஞ்சலோடு சேர்த்ததும் தப்பு.

நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஏஞ்சல் வளர வளர, வாய்க்குள் அடங்குகிற மீன் அதற்கு இரைதான்.

எந்த மீனை எதோடு சேர்க்கலாம் என்று கேட்பவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, "உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்?" சென்னையில் பல வீடுகளில் போர்த் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அந்தக் கடினத் தண்ணீர். நியானுக்கு அது ஒத்துவராது, அது அமேசான் காட்டு மென்னீர் மீன். ஆனால் மாலி, பிளாட்டி, கப்பி, ஸ்வார்டு டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கு அதே தண்ணீர் அமிர்தம். நான்குமே ஒன்றோடொன்று நிம்மதியாக இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி ஊற்றி, மருந்து ஊற்றி, மீனை மாற்றி மாற்றி வாங்கித் தவிப்பதைவிட, குழாயில் வரும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது எவ்வளவு சுலபம்! மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சில சொட்டு, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்றடித் தொட்டி. மூன்றே வகை. மேலே ஜீப்ரா டேனியோ பத்து, நம் நாட்டு ஓடை மீன். நடுவில் செர்ரி பார்ப் எட்டு, இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய மீன். பார்ப் என்று பெயர் இருந்தாலும் யாரையும் கடிக்காது. அடியில் கோரிடோராஸ் என்ற குட்டிக் கெளுத்தி ஆறு. அவற்றின் மெல்லிய மீசை தேயக்கூடாது என்று கல்லை எடுத்துவிட்டு மணல் போட்டிருக்கிறேன். மாலையில் விளக்கைப் போட்டதும் ஆறும் வரிசையாக மணலைக் கிளறிக்கொண்டு போகும். செர்ரி ஆண்கள் ரத்தச் சிவப்பில் பக்கவாட்டில் விரைத்து நின்று ஒன்றுக்கொன்று நிறம் காட்டும். ஜோடியாக வாங்கியிருந்தால் அந்த நிறம் வந்தே இருக்காது, பயந்து வெளிறிச் செடிக்குள் கிடந்திருக்கும். ஐந்து வகை இருந்த பழைய தொட்டியைவிட, இந்த மூன்று வகைத் தொட்டி முன்னால்தான் வீட்டுக்கு வருபவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொளத்தூர்க்காரர்களுக்கு மீன் தெரியாமல் இல்லை. தலைமுறையாகக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தெடுக்கும் குடும்பங்கள் இருக்கும் ஊர் அது. விலை எழுதும் அட்டையிலேயே இன்னும் இரண்டு வரி எழுதுங்கள். முழுதாக வளர்ந்தால் எத்தனை அங்குலம், குறைந்தது எத்தனை சேர்த்து வைக்க வேண்டும். ஒரு ஜோடி விற்பதற்குப் பதில் எட்டு விற்பீர்கள், வாங்குகிறவரும் மறுபடி வருவார்.

அந்த ஏஞ்சல்களில் ஒன்று பிழைத்தது. நண்பர் ஒருவரின் நான்கடித் தொட்டிக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வீடியோ அனுப்பினார். மகளிடம் காட்டினேன். "மீசை வந்துடுச்சுப்பா" என்றாள்.

புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறவர்கள் தொட்டியின் அளவையும், வீட்டில் போர்த் தண்ணீரா மெட்ரோவா என்பதையும் கமெண்டில் போடுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.