தனுஷ்கோடிக்கு ஒரு கல் மண்டபம் வேண்டும்

தனுஷ்கோடியில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவு மண்டபம் கட்ட வேண்டும். முழுக்கக் கருங்கல்லில், உள்ளே ஒரு இரும்புக் கம்பிகூட இல்லாமல் கட்ட வேண்டும். 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களை அதன் சுவரில் வெட்ட வேண்டும். இதைப் பலரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு விரிவாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

ராமேஸ்வரத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. டிசம்பர் 22 நள்ளிரவு முதல் 25 சாயங்காலம் வரை புயல் அடித்தது, தனுஷ்கோடி நகரம் முழுவதும் அழிந்தது என்று அது சொல்கிறது. ஊர் அழிந்த செய்தி அதில் இருக்கிறது. அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்பதற்கு எங்கே போய்ப் பார்ப்பது? 2017-இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை ரோடு வந்தபிறகு தினமும் வண்டி வண்டியாக ஜனம் வருகிறது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், சங்கு வாங்குகிறார்கள், திரும்பிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நின்று படிக்க நாம் ஒன்றும் வைக்கவில்லையே. என் அப்பத்தாவின் தம்பி அந்த ஊரில் மூட்டை தூக்கினவர். உடம்பு கிடைக்கவில்லை. அதனால் அப்பத்தா சாகும்வரை அவருக்குத் திதி கொடுக்க ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்படி ஒரு கதை இல்லாத வீடு பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் கம்மி.

'இதெல்லாம் நடக்கிற காரியமா' என்பவர்கள் ராமேஸ்வரத்துப் பேக்கரும்பைப் போய்ப் பாருங்கள். கலாம் ஐயாவை 2015 ஜூலை 30 அன்று அங்கே அடக்கம் செய்தோம். 2016 ஜூலை 27, முதலாம் ஆண்டு நினைவு நாளில் மணிமண்டபத்துக்கு அடிக்கல். அடுத்த வருஷம் அதே தேதியில் திறப்பு விழா. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ பொறுப்பெடுத்துச் செய்தது. ஜெய்சல்மரிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் பதிகற்கள் வந்தன, பெங்களூரிலிருந்து கல்தூண்கள் வந்தன, தஞ்சாவூரிலிருந்து வேலைப்பாடான கதவு வந்தது. முகப்பு டெல்லி இந்தியா கேட் சாயல், மேலே குடியரசுத் தலைவர் மாளிகையின் கும்மட்டச் சாயல். ஒரு படகோட்டி வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தீவில் அப்படி ஒரு மண்டபம் எழுந்ததில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. மனசு வைத்தால் ஒரே வருஷத்தில் கல் வரும், ஆள் வரும், வேலை முடியும் என்று அது காட்டிவிட்டது.

ஆனால் தனுஷ்கோடி மண்டபத்தைக் கட்டும் முறை வேறாக இருக்க வேண்டும். கான்கிரீட் கட்டிடத்துக்கு மேலே கல் பதிப்பது ஒன்று, கல்லையே தூணும் உத்திரமுமாக நிறுத்துவது வேறொன்று. நம் கடற்கரையில் இந்த வித்தியாசம் உயிரான விஷயம். இங்கே வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்: சில வருஷத்தில் சீலிங் வீங்கும், பூச்சு பொத்தென்று விழும், உள்ளே கம்பி செங்காவி நிறத்தில் பல்லிளிக்கும். உப்பு, காற்றோடும் ஈரத்தோடும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருமன் பல மடங்கு கூடும். அந்தத் துரு உள்ளிருந்து தள்ளித்தான் கான்கிரீட்டே வெடிக்கிறது. பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாலம். 1964 புயலில் கர்டர்கள் கடலோடு போனபிறகு 46 நாளில் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் மீட்டு நிறுத்தினார்கள். அப்பேர்ப்பட்ட பாலத்தில், ஓயாமல் பெயிண்ட் அடித்துப் பராமரித்தும், 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. இரும்பு துருப்பிடிக்க இந்த இடம் உலக அளவில் பேர்பெற்றது.

இதே உப்புக்காற்றில்தான் ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரமும் நிற்கிறது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்து வேலை. 1212 தூண்கள். அதன் தத்துவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல் பாரத்தைத் தாங்கும், எளிதில் அமுங்காது. ஆனால் வளைத்தால் முறியும். அதனால்தான் தூண்களை நெருக்கி வைத்தார்கள். தூணின் தலையில் போதிகை என்ற தாங்குகல்லை இரண்டு பக்கமும் நீட்டினார்கள், உத்திரக்கல் தாண்ட வேண்டிய தூரம் குறைந்தது. அதற்கு மேல் கூரையாகப் பாவுகல். ஒன்றின் கனம் இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறது, இழுத்துக் கட்டக் கம்பியே வேண்டாம். துருப்பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. நாம் கண்கூசப் பார்க்கிற அந்த நீண்ட தூண்வரிசை அழகுக்காக மட்டும் வந்ததில்லை, கல்லின் குணத்தை அறிந்து செய்ததால் வந்த அழகு அது. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குள் போனால் அதே கல்தச்சு மரபின் தூண்களைப் பார்க்கலாம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே உளி வேலை செய்த சீமை இது. அந்த ராத்திரி செத்தவர்களிலும் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். அவர்களுக்குக் கோபுரமும் வேண்டாம், சிலுவையும் வேண்டாம், பிறையும் வேண்டாம். எல்லாருக்கும் பொதுவான தூண் மண்டபம் போதும்.

அந்தக் காலத்து ஆட்கள் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை கணபதி ஸ்தபதி 1990-இல் கட்ட ஆரம்பித்து 2000 ஜனவரி 1-இல் திறந்தார்கள். 3681 கற்கள், மொத்தம் 7000 டன். பெரும்பகுதி அம்பாசமுத்திரத்துக் கல். 2004 சுனாமியில் அலை மேலே வந்து மோதியும் சிலை அசையவில்லை. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி இன்றும் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறது. ஒரு நல்ல ஸ்தபதியை அழைத்தால் போதும், ஆள் சேரும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கன்னியாகுமரியில் அடியில் பாறை, நமக்கு அடியில் மணல். உயரமாக எழுப்புகிற ஆசையை விட்டுவிட்டு, ஒரே தளத்தில் தாழ்வாக, அகலமாக, வாணத்தை, அதாவது அஸ்திவாரக் குழியை, ஆழமாக எடுத்துக் கட்ட வேண்டும்.

கல் எங்கிருந்து வரும்? இந்தத் தீவில் கருங்கல் கிடையாது, எந்தக் காலத்திலும் கிடையாது. கோயிலுக்கு வந்ததெல்லாம் கடல் தாண்டி வந்தது. ஒரு நண்பர், தனுஷ்கோடி தேவாலயம் பவளக்கல்லில் கட்டியது, அதனால் மண்டபத்தையும் பவளக்கல்லிலேயே கட்டினால் பொருத்தம் என்றார். கூடவே கூடாது. சுண்ணாம்புக்கும் கட்டிடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாத் தீவுகளைக் கரைத்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. இன்று பவளம் வெட்டுவது சட்டப்படி குற்றம். கடலுக்குப் பலியானவர்களுக்காகக் கட்டுகிற மண்டபத்துக்கு, அலையைத் தடுக்கிற பாறையை உடைப்பதா?

இடம் என்றால் எல்லோரும் அரிச்சல்முனையைச் சொல்வார்கள். அங்கே மணல் வருஷாவருஷம் இடம் மாறுகிறது, கனமான கல்லை ஏற்றினால் நிற்காது. பிழைத்து வந்தவர்களைக் குடியமர்த்திய நடராஜபுரம் பக்கம் வைப்பதே நியாயம் என்பது என் கருத்து. அவர்கள் பேரப்பிள்ளைகள் நடந்துபோய் விளக்கேற்றும் தூரத்தில் இருக்கும்.

இன்னொரு கேள்வியும் வரும். தனுஷ்கோடிக் குடிசைகளில் இன்னும் மீனவர் குடும்பங்கள் வசதியில்லாமல் கிடக்கும்போது செத்தவர்களுக்கு மண்டபமா என்று. நியாயமான கேள்வி. அவர்களுக்குச் சேர வேண்டியது அரசின் கடமை, அதில் ஒரு பைசா குறையக் கூடாது. மண்டபத்துக்கு நாம் போடுவோம். 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை மண்டபத்துக்கு ஏக்நாத் ரானடே ஊர் ஊராக ஒரு ரூபாய் நன்கொடையும் வாங்கித்தான் கட்டி முடித்தார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897-இல் கரையேறியது நம் பாம்பன் குந்துகாலில். அவருக்கு அன்று பாஸ்கர சேதுபதி 40 அடியில் நினைவுத்தூண் எழுப்பினார். வந்தவரை நினைவில் வைக்கத் தெரிந்த ஊருக்குப் போனவர்களையும் வைக்கத் தெரியும்.

பணத்தையும் கல்லையும்விட எனக்குப் பதற்றம் பெயர்கள்மேல்தான். பாம்பன் - தனுஷ்கோடி 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயிலை அலை அடித்துப் போனதில் 115 பேர் செத்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களுக்கு அந்தக் கணக்கும் இல்லை. ஊருக்குள் ரயில்வேக்காரர்கள், துறைமுகக் கூலிகள், சுங்க அலுவலகத்து ஆட்கள், கடைக்காரர்கள், மீன்பிடி குடும்பங்கள். இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்கு வந்து தங்கியிருந்தவர்களும் உண்டு, அதனால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் விசாரிக்க வேண்டும். அன்று பத்து வயசுப் பிள்ளையாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால் இந்தப் பட்டியல் தயாராக வேண்டும். மண்டபம் பத்து வருஷம் கழித்து வந்தாலும் பாதகமில்லை, பெயர் சொல்ல ஆள் காத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது அன்று போயிருந்தால் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், பூர்வீக ஊர், வயசு, என்ன தொழில் செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சொல்பவர் குரலை போனில் பதிந்து வையுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், பிறகு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தைகளுக்குப் பல வீட்டில் பெயரே நினைவிருக்காது, 'மூத்தவளின் இரண்டாவது பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். அப்படியே எழுதுங்கள். கல்லிலும் அப்படியே வெட்டலாம்.