ஐ7 தானே, தம்பி!

"ஐ7 தானே, தம்பி! உங்களுடைய பழையது ஐ5 தானே? பிறகு எப்படி அது வேகமாக இருக்கும்?"

வவுனியாவில் எனக்கு அந்த மடிக்கணினியை விற்ற கடைக்காரர் இன்று காலை தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனம் தன் ப்ராசசர்களுக்கு, அதாவது கணினியின் மூளைக்கு, வைத்த பெயர்கள். இரவு முழுக்கக் கண் மூடாதவனிடம், பாலர் வகுப்புப் பிள்ளைக்கு எண் சொல்லிக்கொடுக்கிற குரலில் கேட்கிறார். ஏழு பெரிது, ஐந்து சிறிது. முடிந்தது வழக்கு. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

போன வியாழக்கிழமை இடி விழுந்ததில் என் மேசைக்கணினியின் பவர் சப்ளை எரிந்துபோனது. (மழை இருட்டியதும் வயரைப் பிடுங்காதது என் பிழைதான். அதற்கு வீட்டில் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) பரந்தனில் ஒரு சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு விழா) வீடியோ கொடுக்க வேண்டிய நாள் நேற்று. கையில் இருந்தது போன மாதம் வாங்கிய பாவித்த மடிக்கணினி ஒன்றுதான். ஐ7-10510யூ. உள்ளங்கை வைக்கும் இடத்தில் ஐ7 என்ற நீல ஸ்டிக்கர் கீறல் விழாமல் பளபளத்தது. மற்ற எல்லாவற்றிலும் கீறல் இருந்தது.

மாலை 6 மணிக்கு ரெண்டர் போட்டேன்: வெட்டி ஒட்டிய காட்சிகளைக் கணினி ஒரே வீடியோவாகச் செய்து முடிக்கிற வேலை அது. முதல் அரை நிமிடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ப்ராசசரின் வேகம் 4.9 கிகாஹேர்ட்ஸ்! என் மேசைக்கணினியின் ஐ5-10400 தலைகீழாக நின்றாலும் 4.3 ஐத் தாண்டாது. கடைக்காரரை வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று வெட்கப்பட்டுக்கொண்டு தேநீர் போடப் போனேன். சீனி கரைவதற்குள் அது 2 கிகாஹேர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. இறங்கியது இறங்கியதுதான்.

விசிறி, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினைப் போல அலறியது. அடிப்பக்கத்தைத் தொட்டால் தோசைக்கல். நான்கு மூலைக்கும் நான்கு சோடா மூடிகளைக் கொடுத்து உயர்த்திவைத்தேன். தகரக் கூரையில் பகல் முழுக்க ஏறிய கிளிநொச்சி வெயில் இரவு 8 மணிக்கும் இறங்கவில்லை. இருந்த ஒரே மேசை விசிறியை மடிக்கணினிக்குத் திருப்பிவிட்டு நான் வியர்வையில் குளித்தேன். ரெண்டர் முடிந்தது 11 வீதம்.

பிள்ளையின் தாயார் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் அமர்ந்தார். திரையைப் பார்த்தார். அதே இடத்தில் ஒரு மணி நேரம் பார்த்தார்.

"தம்பி, 19 இல் நிற்கிறதே?"

"ஓடுகிறது, அக்கா."

"ரொறன்ரோவிலிருந்து அண்ணன் இரண்டு முறை எடுத்துவிட்டார்."

"ஓடுகிறது, அக்கா."

"போன முறை மூத்தவளின் வீடியோவை நான் இருக்கும்போதே முடித்துத் தந்தீர்களே?"

மூத்தவளுடையதைச் செய்தது அந்த ஐ5, அக்கா! இதை நான் சொல்லவில்லை. வாய்க்குள் வைத்து மென்றேன்.

இரண்டும் ஒரே பத்தாம் தலைமுறை. ஐ5 இல் 6 கோர்கள் (ப்ராசசருக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கைகள் மாதிரி), 65 வாட். இந்த மாபெரும் ஐ7 இல் 4 கோர்கள், 15 வாட். நம் வீட்டுத் திண்ணையில் எரிகிற எல்இடி குமிழ் குடிக்கிற அளவு மின்சாரம். ஒரு விரல் தடிப்பான பெட்டிக்குள் அதற்கு மேல் கொடுத்தால் சூட்டைத் தள்ள இடமில்லை. அதனால்தான் அரை நிமிடம் பாய்ந்துவிட்டு மூச்சு வாங்குகிறது. அதன் அடிப்படை வேகமே 1.8 தான் என்று தயாரித்தவர்களே விவரப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கடையில் யார் ஒட்டுகிறார்? பெயரின் வாலில் தொங்குகிற அந்த 'யூ' எழுத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அங்கே 'எச்' என்று இருந்தால் 45 வாட், அதே தலைமுறையின் 10750எச் என்றால் 6 கோர்கள். இரண்டு சக்கரச் சின்ன உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டருக்குப் பெரிய உழவு இயந்திரத்தின் பெயரை எழுதிவிட்டு இருபது ஏக்கரை உழச் சொன்னால் என்ன நடக்கும் என்று இந்த வன்னியில் எந்தச் சிறுவனுக்கும் தெரியும். கணினி என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஸ்டிக்கர் போதும். இது இன்று நேற்றுத் தொடங்கியதும் அல்ல. ஏழாம் தலைமுறையில் ஐ7-7500யூ என்று விற்றதில் 2 கோர்கள், மேசைக்கணினியின் ஐ5-7500 இல் 4.

சரி, நியாயமும் பேச வேண்டும். கடிதம் அடிக்க, பில் போட, மின்வெட்டில் மடியில் வைத்திருக்க அது தங்கமான பொருள். 2022 இல் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது இது கையில் இருந்திருந்தால் கோயில் கட்டியிருப்பேன். ஆனால் நான் கடையில் கேட்டது கடிதம் அடிக்கவா? "வீடியோ வேலை, அண்ணன்" என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினார்.

அக்கா 10 மணிக்குப் போனார். ரெண்டர் அதிகாலை 2.40 க்கு முடிந்தது. கண் எரிய எரிய ஓடவிட்டுச் சரிபார்த்தேன். ஆரத்தி எடுக்கிற இடம் வருகிறது. பிள்ளையைக் காணவில்லை. கமராவுக்கு முன்னால் தாய்மாமன் நிற்கிறார், டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நகர்கிறார் இல்லை. அவருடைய முதுகு, சட்டை நனைந்து ஒட்டிய அந்த முதுகு, 4கே தெளிவில், இரைச்சல் நீக்கி, நிறம் திருத்தி, முழுசாக நான்கு நிமிடம். இதற்காகத்தான் அந்தச் சின்ன இயந்திரம் எட்டே முக்கால் மணி நேரம் கதறியிருக்கிறது. தனியே இருந்து சிரித்தேன்.

பத்தடி தள்ளி ஒருவன் முக்காலி போட்டுக் கமரா வைத்துக் காசுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறானே, அந்த டேப்லெட்டில் எடுத்ததை இந்த மாமன்மார் என்றைக்காவது திறந்து பார்த்திருக்கிறார்களா?