சின்னதுக்கு என்ன கொடுத்து உட்கார வைப்பது?

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களில் ஓயாமல் வரும் கேள்வி இது. பெரியவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அரை மணி நேரம், மூன்று நான்கு வயசுச் சின்னதை என்ன செய்வது? கேட்டவுடனே "50 எளிய செயல்பாடுகள்" என்று யாராவது ஒரு பட்டியலைத் தள்ளிவிடுவார்கள். திறந்து பார்த்தால், பெரும்பாலானவை பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து "இது சரி, அது தப்பு, அடுத்து இதை எடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் நகரும். அதற்குப் பேர் தனியாகச் செய்வதா?

ஒரு வேலையில் பிள்ளை தனியாக நிற்குமா என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி. தப்பாகச் செய்தால் அந்தப் பொருளே காட்டிக்கொடுக்குமா? காட்டிக்கொடுக்காவிட்டால் பிள்ளை உங்களிடம்தான் வரும். இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் "அம்மா, இது சரியா?" என்று வந்து நிற்பதைக் கவனக்குறைவு என்று திட்டிப் பிரயோஜனமில்லை. கையில் கொடுத்த வேலை அப்படி.

ஒர்க்‌ஷீட் இந்த இடத்தில்தான் முதலில் தோற்கிறது. 3 என்று போட்ட கட்டத்தில் 4 பூவுக்கு வண்ணம் அடித்தாலும் தாள் வாய் திறக்காது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். தவற்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஆசிரியரிடமிருந்து எடுத்துப் பொருளிடம் கொடுத்தது அவர் முறையின் முக்கியமான யோசனை. அவருடைய எண் பெட்டி ஒன்றில் 0 முதல் 9 வரை அறைகள், அவற்றில் போட மொத்தம் 45 குச்சிகள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45. எங்கோ ஓர் அறையில் கூடுதலாகப் போட்டால் கடைசி அறையில் இடிக்கும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதையே துணி கிளிப்பில் செய்யலாம். ஷூ டப்பா கனத்தில் அட்டை எடுத்து, 15 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் ஐந்து துண்டு வெட்டுங்கள். நடுவில் 1 முதல் 5 வரை பெரிதாக ஒவ்வொரு எண். நீளவாக்கு விளிம்பை ஒட்டி, அந்த எண்ணுக்கு உரிய அளவு புள்ளிகள், ஒன்றுக்கொன்று இரண்டரை செ.மீ. இடைவெளியில். புள்ளிக்கு ஒரு கிளிப். டப்பாவில் 15 கிளிப் மட்டும் இருக்க வேண்டும், ஒன்று கூடவோ குறையவோ கூடாது. முடிக்கும்போது ஒரு கிளிப் மிச்சமானால், பிள்ளை தானே அட்டைகளைத் திரும்பிப் பார்க்கும். பாக்கெட்டில் உள்ளதை அப்படியே கொட்டிக் கொடுத்தால் இந்தப் பலன் மொத்தமும் போய்விடும். புள்ளிகளோடு நன்றாகப் பழகிய பிறகு, எண் மட்டும் எழுதிய, புள்ளி இல்லாத செட்டைக் கொடுங்கள். அப்போதும் அதே 15தான். நோட்டு அட்டை மாதிரி மெல்லியதாக இருந்தால் கிளிப்பின் கனத்துக்கு மடங்கி எரிச்சலூட்டும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தாலும் சிக்கல்தான். உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிரமமில்லாமல் திறக்கிறதா என்று பார்க்காதீர்கள், சுண்டுவிரலும் கட்டைவிரலும் சேர்ந்து திறக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையின் பலம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஊற்றும் வேலையும் அப்படியே தன்னைத்தானே திருத்தும். சிந்தினால் தெரிந்துவிடும். ஆனால் எடுத்தவுடனே தண்ணீர் வேண்டாம். கைப்பிடியும் மூக்கும் உள்ள, 150 முதல் 200 மில்லி பிடிக்கும் இரண்டு சின்ன ஜக்குகள், விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு. ஒரு ஜக்கில் பாதி அளவுக்குப் பெரிய பயறு வகை ஏதாவது. முழுக்க நிரப்பினால் சாய்ப்பதற்குள்ளேயே கொட்டும். ஒரு லிட்டர் ஜக்கைக் கொடுத்துவிட்டு "பொறுமையே இல்லை" என்று பிள்ளையைச் சொல்வது அநியாயம், அந்தக் கனத்தை அந்த மணிக்கட்டு தாங்காது. பயறு சிந்தாமல் ஊற்ற வந்ததும் தண்ணீருக்குப் போங்கள். தண்ணீரை வாங்கிக்கொள்ளும் ஜக்கில் ஒரு கலர் டேப் ஒட்டி, அந்தக் கோடு வரை ஊற்றச் சொல்லலாம். கூடவே, பிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கும்படி வெட்டிய ஸ்பாஞ்ச் துண்டு கட்டாயம். முழு ஸ்பாஞ்சைச் சின்னக் கையால் பிழிய முடியாது. தண்ணீர் அதிலேயே தங்கி, துடைத்த இடம் முன்னைவிட ஈரமாகும். சிந்தியதைத் தானே துடைக்க வழி இருந்தால்தான் இது தனியாகச் செய்யும் வேலை. இல்லாவிட்டால் நீங்கள் மாப்போடு நிற்பீர்கள்.

இன்னும் சுலபமானது வேண்டுமென்றால் நிழல் பொருத்தல்: சாவி, கரண்டி, மூடி, பிரஷ் என்று ஆறு பொருட்களை ஒரு பெரிய தாளில் வைத்துச் சுற்றி வரைந்துவிடுங்கள், பொருத்தி வைக்கட்டும். அட்டைப் படத்தை நான்காக வெட்டினால் ஒரு புதிர் தயார். இரண்டு மூன்று புதிர் செய்தால், ஒவ்வொன்றின் துண்டுகளுக்கும் பின்பக்கம் தனித்தனி நிறத்தில் புள்ளி வைத்துவிடுங்கள். கலந்துபோன துண்டுகளைப் பிரித்தெடுக்கிற வேலை உங்கள் தலையில் விழாது.

கத்தரிக்கோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "பாதுகாப்பு" என்று வெட்டாத கத்தரியைக் கொடுத்துவிடுகிறார்கள். காகிதம் இரண்டு அலகுக்கு நடுவே மடிந்து மாட்டிக்கொள்ளும், பிள்ளை தூக்கி எறியும். முனை மழுங்கலாக இருக்கட்டும், அலகு கூராக இருக்க வேண்டும். தாளும் மெல்லியதாக இருக்கக் கூடாது, வாழ்த்து அட்டை கனம் இருந்தால் மடங்காது. முதலில் இரண்டு செ.மீ. அகலப் பட்டை கொடுங்கள், ஒரே வெட்டில் துண்டாகும். குறுக்கே தடிமனாகக் கோடு போட்டுவிட்டால் கோட்டில் வெட்டினோமா இல்லையா என்பது வெட்டிய துண்டிலேயே தெரியும். பிறகு நீண்ட நேர்கோடு, பிறகு வளைவு. கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும். இடது கைப் பிள்ளை என்றால் இடது கைக் கத்தரி வாங்குங்கள். வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்து இயல்பாக அழுத்தும்போது அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகும். அங்கே குறை கருவியில் இருக்கிறது. கத்தரி வேலை மட்டும் எப்போதும் உங்கள் கண்முன்னால்.

தப்பே இல்லாத வேலைகளும் உண்டு: கட்டைகள், களிமண், வெள்ளைத் தாளும் கிரேயானும். சரியான விடை என்று ஒன்று இல்லாததால் அங்கேயும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. (கிரேயானை உடைத்து இரண்டு மூன்று செ.மீ. துண்டாகக் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல்நுனிக்குத் தானாக வரும்.) தகராறு பண்ணுவது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ரகம்தான். பஞ்சை ஒட்டி ஆட்டுக்குட்டி செய், ஆனால் மாதிரியில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்கிற கைவேலைகள். அவை படம் பிடித்துப் போடப் பெரியவர்களுக்கு உதவும், பிள்ளை தனியாக இருக்க உதவாது.

பொருள் சரியாக இருந்தும் வேலை ஓடவில்லையா? அறிமுகம் செய்த விதத்தைப் பாருங்கள். செய்துகாட்டும்போது பேசாதீர்கள், பேசும்போது கையை அசைக்காதீர்கள். இந்த வயசில் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வது கஷ்டம். வேலைக்கான பொருட்களை வைத்த தட்டை அலமாரியிலிருந்து எடுப்பதிலிருந்து திரும்ப வைப்பது வரை முழுசாக, மெதுவாக, ஒருமுறை செய்து காட்டுங்கள். எடுத்து வைப்பதும் அதில் சேர்த்திதான். பெரியவனின் பாட நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். வேறு வேளையில் காட்டி, ஓரிரு முறை செய்து பழகிய வேலையைத்தான் பாட நேரத்துக்கு வைக்க வேண்டும். புதுப் பொருளைக் கொடுத்துவிட்டு நீங்கள் பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் போனால், உங்களுக்குப் பின்னால் அது நிச்சயம் கொட்டப்படும்.

பிள்ளை மும்முரமாக இருக்கும்போது "சூப்பர்டா கண்ணு!" என்று குரல் கொடுக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. தலை நிமிர்ந்துவிட்டால் அந்த வேலை அதோடு சரி. ஸ்டிக்கர், பரிசு எல்லாம் இன்னும் மோசம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். பிற்பாடு, கேட்பாரில்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். தானாக நடந்துகொண்டிருந்ததற்கு நாமே கூலி பேசிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அலமாரியில் நான்கைந்து தட்டுக்கு மேல் வேண்டாம். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகளை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். திங்கட்கிழமை ஆனால் மாற்றுவது என்று கணக்கு வைக்காதீர்கள், எதைத் தொடுவதே இல்லையோ அதை மட்டும் எடுத்துவிடுங்கள். தினமும் அதையே எடுக்கிறதென்றால் விட்டுவிடுங்கள், பிள்ளைக்கு அதில் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது.

பொருளை எறிவது, கொட்டுவது பெரும்பாலும் கஷ்டமாக இருக்கிறது அல்லது சுலபமாகிவிட்டது என்பதற்கான அடையாளம். முயன்று பார்த்துவிட்டு எறிந்தால் கஷ்டம், அளவைப் பாதியாக்குங்கள். முயலாமலே கொட்டி விளையாடினால் சலித்துவிட்டது, அடுத்த படிக்குப் போங்கள். மூன்று வயசுப் பிள்ளை ஒரு வேலையில் ஐந்து பத்து நிமிடம் இருந்தாலே நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரத்துக்கு ஒரே தட்டு என்று எதிர்பார்க்காமல், நான்கு தட்டு என்று கணக்குப் போடுங்கள்.

தனியாக என்றால் உங்கள் பார்வையில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. வேறு அறையில் இல்லை. மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைச் சோதனையில், சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கும் அபாயமுள்ளது என்று ஒதுக்கிவிடுவார்கள். பயறும் மணியும் அந்த ரகம்தான், எனவே எதையும் வாயில் போடும் பழக்கம் இன்னும் போகாத பிள்ளைக்கு, அல்லது தவழும் தம்பி தங்கை உள்ள வீட்டில், பயறுக்குப் பதிலாக உள்ளங்கையளவு பந்துகளைக் கூடைக்குக் கூடை மாற்றும் வேலையைக் கொடுங்கள். பட்டன் பேட்டரி, குட்டிக் காந்த உருண்டை, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணி மூன்றும் வயசு என்னவானாலும் தட்டுப் பக்கமே வரக் கூடாது. ஊற்றும் வேலைக்கான தண்ணீரையும் ஜக்கிலேயே அளந்து வையுங்கள், நிரப்பிக்கொள்ளட்டும் என்று பக்கத்தில் வாளியை வைக்காதீர்கள். சின்னப் பிள்ளை மூழ்க வாளியில் சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும்.